மேட்டுப்பாளையத்துக்கு மேலே

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். நடுவில் கிடக்கும் 1,900 மீட்டரைக் காரில் போகிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். வழியில் காது அடைக்கும். பின் இருக்கையில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். குன்னூர் வந்ததும் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். ஏறி வந்த உயரம் எவ்வளவு என்று அவர்கள் உடம்புக்குத் தெரியவே தெரியாது. பள்ளிச் சுற்றுலாக் காலத்திலிருந்து நானும் பல முறை அப்படி ஊட்டிக்குப் போயிருக்கிறேன். நண்பர்களோடு சைக்கிளில் ஏறிய அந்த ஒரு நாளில்தான் நீலகிரி எவ்வளவு பெரிய மலை என்று எனக்குப் பிடிபட்டது.

நாங்கள் கலந்துகொண்டது 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். நெடுந்தூர சைக்கிள்காரர்களின் உலகத்தில் இந்த மூன்றெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300 என்றால் 20 மணி, 400 என்றால் 27, 600 என்றால் 40. ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடிப்பவருக்கு ‘சூப்பர் ராண்டனர்’ என்ற பட்டம். சமவெளியாக இருந்தாலும் மலையாக இருந்தாலும் நேரம் ஒன்றுதான். வழியில் நமக்கென்று வண்டி எதுவும் கூட வரக்கூடாது. பஞ்சரானால் நாமே ஒட்ட வேண்டும், பசித்தால் கண்ணில் படும் கடையில் சாப்பிட வேண்டும். உடன் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் உதவிக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. இதில் முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. எட்டு மணி நேரத்தில் வந்தவரும் பதின்மூன்று மணி இருபத்தொன்பது நிமிடத்தில் வந்தவரும் ஒரே பட்டியலில், ஒரே மதிப்போடு இருப்பார்கள். வெவ்வேறு வயதும் வெவ்வேறு பலமும் உள்ள நண்பர்கள் சேர்ந்து ஒரு மலையை ஏற இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் வேர் பிரான்ஸில் இருக்கிறது. 1891-ல் ஒரு பாரிஸ் பத்திரிகை, பாரிஸிலிருந்து கடலோர நகரமான பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தை நடத்தியது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். பந்தயம் காலப்போக்கில் மறைந்து, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, 90 மணி நேரக் கெடுவோடு, பி.ஆர்.எம். பாணியில் நடக்கிறது. கடைசியாக 2023-ல் நடந்தபோது இந்தியாவிலிருந்தும் பலர் போனார்கள். உலகில் எங்கே பி.ஆர்.எம். நடந்தாலும் அதற்கு ஒப்புதல் தருவது 1904-ல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பரீசியன். அதே 1891-ல்தான் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் பாதைக்கான வேலையும் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

மதுரையிலிருந்து நாங்கள் நான்கு பேர். தபால் துறையில் ஓய்வுபெற்ற அண்ணன். வயது அறுபதைத் தொடப்போகிறது, எங்கள் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான். அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தும் டீச்சர். ஏற்றத்தில் அவரை எங்களில் யாராலும் பிடிக்க முடியாது. சைக்கிள் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை; எங்கள் வண்டிகளின் ஒவ்வொரு திருகாணியும் அவன் கைக்குப் பழக்கம். அப்புறம் நான். சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றி, உரசாமல் இருக்கப் பழைய போர்வைகளைச் சுற்றிக் கட்டினோம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழி. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. தாராபுரம் தாண்டியதும் இருபுறமும் காற்றாலைகள். மாப்பிள்ளை அவற்றின் இறக்கை சுற்றும் திசையைப் பார்த்து மறுநாள் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கணக்குப் போட்டபடி வந்தான்.

காலை ஆறு மணிக்குக் கோவையின் கிழக்கு எல்லையில் தொடக்கம். விளக்கு எரிகிறதா, ஹெல்மெட் இருக்கிறதா, ஒளி திருப்பும் மேலங்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். மடித்து வைக்கும் கெட்டி அட்டை. உள்ளே கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கண்ட்ரோலின், அதாவது வழியில் நின்று அட்டையைக் காட்ட வேண்டிய இடத்தின் பெயர், அது திறக்கும் நேரம், மூடும் நேரம். நேரம் குறித்து முத்திரை குத்த ஓர் இடம். ஆள் இல்லாத கண்ட்ரோல் என்றால் பக்கத்து ஏ.டி.எம்.மில் எடுக்கும் சீட்டே சாட்சி. அண்ணன் தன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பனியனுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பதிவுத் தபால் பட்டுவாடா செய்த கை அது.

எங்களுக்குக் கொடுத்த வழி இது: மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, குன்னூர், மறுபடி மேட்டுப்பாளையம், கோவை. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கண்ட்ரோல். ஜனவரி மாதம் என்பதால் கோடை சீசனின் ஒருவழிப் போக்குவரத்துத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையம் வரை நால்வரும் ஒரே வரிசையில், ஒருவர் காற்றைத் தடுக்க மற்றவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு போனோம். மண்டிகளில் உருளைக்கிழங்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பவானிப் பாலம் தாண்டியதும் சாலை பிரிகிறது. வலது கையில் கோத்தகிரி. மணி எட்டு ஆகவில்லை.

இந்த இடத்தில் டீச்சரும் மாப்பிள்ளையும் எங்களிடம் சொல்லிவிட்டு முன்னால் போனார்கள். மலையில் நான்கு பேரும் ஒரே வேகத்தில் போக வேண்டுமென்றால் நான்கு பேருக்குமே கஷ்டம். வேகமாக ஏறுகிறவர் மெதுவாகப் போனாலும் களைப்பார், மெதுவாக ஏறுகிறவர் வேகமாகப் போனால் பாதியிலேயே தீர்ந்துபோவார். அண்ணனோடு போவதென்று நான் முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன்.

கோத்தகிரி சாலை 33 கிலோமீட்டர். கோத்தகிரியின் உயரம் 1,800 மீட்டரை ஒட்டி வரும். நூறு மீட்டர் போனால் நாலரை மீட்டர் ஏற்றம் என்பது சராசரி. கேட்க அதிகமில்லைதான். குன்னூர் சாலையைப் போல வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகளும் இங்கே இல்லை. இதன் குணமே வேறு. விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். மிதியை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். என் வண்டியில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல். மிதி ஒரு சுற்று வந்தால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். 33 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 15,700 சுற்று. மலைச்சாலைக்கென்று கியரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றும் லேசாக இருக்க வேண்டும், அது எத்தனை ஆயிரம் தடவை ஆனாலும் சரி. கனமான கியரில் தொடைபலத்தால் ஏறுகிறவர்களின் முட்டி இரண்டாவது மணி நேரத்தில் பேசத் தொடங்கிவிடும்.

அடிவாரத்தில் முள்மரங்களும் மூங்கிலும். யானை நடமாடும் பகுதி, கவனம் என்று பலகைகள். சாலையோரத்தில் காய்ந்து உருண்டு கிடந்த லத்தியைப் பார்த்ததும் அண்ணன் பேச்சை நிறுத்தினார். அடுத்த இரண்டு வளைவுகளுக்கு எங்கள் மூச்சுச் சத்தமும் சங்கிலிச் சத்தமும்தான். காரில் போகிறவர் இந்தப் பலகைகளைப் படிப்பதில்லை. பத்துக் கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடித் தடுப்பு எதுவும் இல்லாமல் போகும்போது காடு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் தோலிலேயே தெரிகிறது.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் கார்களை நிறுத்தி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த நடைமுறை இது. நீலகிரிக்கு எவ்வளவு வண்டிகள் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கவாவது இது உதவட்டும். மலைக்குத் தாங்கும் சக்தி என்று ஒன்று இருக்கிறது. அது தாண்டப்பட்டு வெகு காலமாகிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்களையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சைக்கிள் பாட்டில்களைத் தொட்டுப் பார்த்த ஊழியர், மேலே குடிநீர் ஏ.டி.எம். இருக்கிறது, நாணயம் போட்டால் தண்ணீர் வரும் என்று வழி சொல்லி அனுப்பினார்.

இதற்கு மேல் மலை தன் உடையை மாற்றிக்கொண்டே வருகிறது. பலா மரங்கள் அடர்கின்றன. காபிச் செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதைச் சைக்கிளில் தவணை முறையில் அனுபவிக்கலாம். முதலில் கழுத்து வியர்வை காய்கிறது. பிறகு நிழலான வளைவுகளில் முழங்கை சிலிர்க்கிறது. அரவேணு நெருங்க நெருங்கத் தேயிலைத் தோட்டங்கள். தொழிற்சாலையிலிருந்து இலை வறுபடும் வாசனை அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே வந்து சேர்ந்தது.

அரவேணுவில் டீ குடித்தோம். கடையம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கிருந்து வர்றீங்க?”

“மதுரைங்கம்மா. இன்னிக்குக் காலையில கோயம்புத்தூர்ல இருந்து கிளம்புனோம்.”

“பஸ்ஸுதான் நிறைய ஓடுதே?”

“பஸ்ல வந்தா உங்க கடை கண்ணுல படாதே” என்றார் அண்ணன். அந்த அம்மா சிரித்துவிட்டு இரண்டு வாழைப்பழத்தை எடுத்து வைத்தார். காசு வாங்கவில்லை.

கோத்தகிரிப் பக்கம்தான் நீலகிரியின் பழைய வாசல். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்தப் பக்கமாகத்தான் மேலேறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு 1820-களின் தொடக்கத்தில் மலைப்பாதை வெட்டப்பட்டது. கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. படகர், கோத்தர், தோடர், இருளர், குறும்பர் எல்லாம் அதற்கு முன்பே காலடிப் பாதைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். சாலை வந்தது துரைமார்களின் குதிரைக்கும் பல்லக்குக்கும். ஏறுகிறவன் மூச்சு வாங்குவதை அந்தச் சாலைகளை வெட்டியவர்கள் யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றும். செங்குத்தாகப் போகாமல் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றித்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கடைசி ஐந்து கிலோமீட்டரில் அண்ணனுக்குக் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டது. இறங்கி, உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் குடித்து, காலை நீட்டிப் பிடித்து விட்டோம். கோத்தகிரி கண்ட்ரோல் மூடும் நேரம் 11:04. நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்த அண்ணன், “நீ போப்பா, ரெண்டு பேரும் லேட்டாக வேணாம்” என்றார். நான் போகவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. பேசாமல் ஏறினோம். நாங்கள் அட்டையை நீட்டியபோது 10:58. முத்திரை ஈரமாகவே இருந்தது. அண்ணன் அதை ஊதி ஊதிக் காயவைத்து மறுபடி உறைக்குள் போட்டார். டீச்சர் அரை மணி நேரமாக எங்களுக்குத் தோசை சொல்லி வைத்துவிட்டுக் காத்திருந்தார். சூடு ஆறக் கூடாதென்று மாப்பிள்ளை ஒரு தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தான்.

சாப்பாடு விஷயத்தில் டீச்சர் மிகக் கண்டிப்பு. “பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும், தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிக்கணும்” என்பார். அதற்கு அவரிடம் கணக்கும் உண்டு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அந்த எடையைத் தூக்க ஏறத்தாழ 360 கிலோ கலோரி போதும். மனித உடல் தின்ற சக்தியில் கால்வாசியைத்தான் மிதிக்குக் கொடுக்கும். மிச்சம் வெப்பமாகப் போய்விடும். ஆகவே ஏற்றத்துக்கு மட்டுமே 1,400 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். அதை வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு வராதவர்கள் எங்கோ ஒரு வளைவில் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சை. எங்கள் முதுகுப் பைகளில் தின்ன வேறு எதுவும் இல்லை.

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு 29 கிலோமீட்டர். மலை ஏறியாயிற்று என்று நினைக்கும்போது இந்தச் சாலை மறுபடி ஏறுகிறது. கட்டபெட்டு வரை கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம். அதன் பிறகு தொட்டபெட்டா பிரிவு வரை ஏற்றம்தான். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் தோளை ஒட்டிப் போகிறது சாலை. சரிவுகளில் கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் படிக்கட்டு வயல்கள். மேலே போகப் போக யூகலிப்டஸ், சீகை. இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து மலையைப் பிடித்துக்கொண்டவை. இவற்றுக்கு இடையே பள்ளங்களில் மட்டும் மிச்சமிருக்கும் சோலைக்காடு, குட்டையான, உருண்டை முடி வைத்த மரங்களோடு. இந்தச் சோலைகள்தான் மழையைப் பிடித்து வைத்து ஆண்டு முழுக்க ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. காலையில் நாங்கள் பாலத்தில் தாண்டிய பவானிக்கும் இந்த மலையிலிருந்துதான் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீர் இறங்கிய உயரத்தை அன்று நாங்கள் மிதித்து ஏறியிருந்தோம். அதனால் ஒரு சின்ன ஓடையின் சத்தம் கேட்டால்கூட நின்று பார்க்கத் தோன்றியது.

தொட்டபெட்டா பிரிவில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. பையில் சுருட்டி வைத்திருந்த காற்றுச்சட்டையை மாட்டிக்கொண்டு ஊட்டிக்கு இறங்கினோம். சேரிங் கிராஸில் கூட்டம். வர்க்கி வாங்கி நின்றபடியே தின்றோம். ஊட்டியில் அதற்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை.

குன்னூருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் என்று சாலை இறங்கியது. இரண்டு மணி தாண்டிச் சற்று நேரத்தில் குன்னூரில் முத்திரை வாங்கிவிட்டோம். ரயில் நிலையம் பக்கம்தான் டீக்கடை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே 46 கிலோமீட்டர் ஓடும் இந்த மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம். என்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற சரிவில் ஏறும். பெட்டிகளை இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளும். மேலேறும்போது அதன் சராசரி வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, “நம்ம ஸ்பீடுதாண்ணே!” என்றான், அவ்வளவு பெருமையோடு.

இறக்கத்துக்கு முன்னால் அவன் எல்லோருடைய பிரேக்கையும் பார்த்தான். குனிந்து ஒவ்வொரு பிரேக் கட்டையையும் விரலால் தடவி, அதில் பதிந்திருந்த அலுமினியத் துணுக்குகளைக் குண்டூசியால் குத்தி எடுத்தான். அண்ணன் வண்டியில் ரிம் பிரேக். ஏறும்போது உடம்பு கொடுத்த சக்தியெல்லாம் இறங்கும்போது வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே போனால் ரிம் கொதித்து உள்ளே ட்யூப் வெடித்துவிடும். “வளைவுக்கு முன்னாடி நல்லா பிடிங்க, வளைவுல விட்டுடுங்க. பிடிச்சுக்கிட்டே போகாதீங்கண்ணே” என்று பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மேலேறும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை மரியாதை. பஸ் ஓட்டுநர்களில் பலர் இறங்கி வந்த எங்களுக்கும் அந்த மரியாதையைத் தந்தார்கள். பர்லியாரில் ரிம் ஆறட்டும் என்று நிறுத்தினோம். பருவத்தில் மங்குஸ்தானும் துரியனும் குவியும் கடைகளில் அன்று வாழையும் பப்பாளியும்தான். அண்ணன் பாட்டில் தண்ணீரை ரிம்மில் ஒரு சொட்டு விட்டார். சுர்ரென்றது.

கல்லாறு பாக்குத் தோப்புகளுக்குள் நுழைந்ததும் வெயில் திரும்பி வந்தது. காலையிலிருந்து கழற்றி மாட்டிய துணிகளை எல்லாம் மறுபடி கழற்றினோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு வாகன நெரிசலும் எதிர்க்காற்றும். சொல்ல வேறொன்றுமில்லை, நால்வரும் மாறி மாறி முன்னால் நின்று காற்றைத் தடுத்தோம். முடிவிடத்தில் அட்டையைக் கொடுத்தபோது பதின்மூன்றரை மணி நேரத்தில் ஒரு மணிக்கு மேலேயே மிச்சம் இருந்தது. அந்த அட்டை விவரங்கள் பாரிஸுக்குப் போய், ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணோடு உறுதியாகித் திரும்பும். அண்ணன் தன் அட்டையைக் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரத்தில் டீ. அடுத்தது எந்த மலை என்ற பேச்சு அங்கே தொடங்கியது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலை, 36 கொண்டை ஊசி வளைவு, நீலகிரியிலேயே செங்குத்தானது என்று டீச்சர் ஆசைப்பட்டார். நாற்பது வளைவோடு வால்பாறை இருக்கிறதே என்றேன் நான். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

“கொல்லிமலைக்கு எழுபது வளைவாமே? அதுக்கு என் கியர் பத்துமா மாப்ள?”

“பத்தாதுண்ணே” என்றான் அவன். “பின்னாடி இன்னும் நாலு பல்லு கூடுதலா ஒரு சக்கரம் போடணும். வர்ற புதன்கிழமை வண்டியைக் கடையில விட்டுட்டுப் போங்க.”